பிக்கப்பில் ரெண்டு டர்ட் பைக், பின்னால் கேரவன்: வண்டி தாங்குமா?

18 ஜூலை 2025, இரவு 9.40. வேளச்சேரியிலிருந்து வந்த கேள்வி

டபுள் கேப் பிக்கப், ஆட்டோமேட்டிக், 500 நியூட்டன் மீட்டர் டார்க். பின்பாடியில் ரெண்டு எக்ஸ்பல்ஸ் பைக். கொக்கியில் ஒரு சின்ன கேரவன், எல்லாம் ஏற்றினால் 900 கிலோ வரும் என்று விற்பவர் சொல்கிறார். ஆள் நானும் மனைவியும் மட்டும். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருகிறது, மூன்று நாள் கிடைக்கும், ஏலகிரி போகலாம் என்று திட்டம். வண்டி அலட்டிக்கொள்ளாமல் இழுத்துவிடும். வேறு எதையாவது யோசிக்க வேண்டுமா?

18 ஜூலை, இரவு 10.25

இழுக்கும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 900 கிலோவுக்கு அந்த டார்க்கில் பாதி போதும்.

ஆர்சியை எடுங்கள். வெற்று எடை ஒன்று இருக்கும், லோடோடு மொத்த எடை ஒன்று இருக்கும். கழித்துப் பாருங்கள். அந்த மிச்சத்துக்குள்தான் நீங்கள், மனைவி, பைக், பெட்டி படுக்கை எல்லாம் அடங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தி கிடையாது, அதனால் உங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணை இங்கே போடுங்கள், மேலே பேசலாம்.

19 ஜூலை, காலை

மிச்சம் 450 கிலோ என்று போட்டிருக்கிறீர்கள். சரி.

நீங்கள் ரெண்டு பேர், 140 கிலோ என்று வைப்போம். எக்ஸ்பல்ஸ் 200 4வி பெட்ரோலோடு ஏறத்தாழ 159 கிலோ, ரெண்டு சேர்ந்தால் 318. இப்போதே 458 ஆகிவிட்டது. ஹெல்மெட், பூட்ஸ், ஸ்பேனர் பெட்டி, கேன், ஐஸ் பெட்டி எதுவும் இன்னும் ஏறவில்லை. அதற்கு ஒரு 40. அப்புறம் கேரவனின் மூக்கு. அது கொக்கியின் மேல் உட்கார்ந்து அழுத்தும் எடையும் பிக்கப்பின் கணக்கில்தான் வரும். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் 90. கூட்டினால் 588.

138 கிலோ அதிகம். ஆடி மாதம் நடக்கிறதுதான், ஆனால் ஆர்சியில் தள்ளுபடி கிடையாது.

19 ஜூலை, மாலை

"டெக்சாஸில் என் மச்சான் இதே அளவு வண்டியில் மூன்று டன் இழுக்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இழுக்கட்டும். அங்கே ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று எண்ணோடு. மச்சானிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

விளம்பரத்தில் பெரிதாக வரும் இழுவை எண் வேறு. அமெரிக்காவில் அதை ஜே2807 என்ற விதிமுறைப்படி அளக்கிறார்கள். அதில் வண்டியில் உட்காருவது ரெண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. பின்பாடியில் பைக் கிடையாது. பைக்கை ஏற்றிய நொடியிலேயே அந்த எண் உங்களுடையது இல்லை.

அங்கே டர்ட் பைக்கோடு கேரவன் இழுப்பவர்கள் கொஞ்ச நாளில் பெரிய பிக்கப்புக்கு மாறுவார்கள், இல்லையென்றால் பைக்கைக் கேரவனுக்குள்ளேயே ஏற்றும் 'டாய் ஹாலர்' வாங்குவார்கள். எஞ்சின் திணறி மாறுபவர்களை விட இந்தக் கழித்தல் கணக்கில் மாட்டி மாறுபவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

20 ஜூலை

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. 588 என்பது நேர்க் கூட்டல். வண்டி அதை அப்படி வாங்கிக்கொள்வதில்லை.

கொக்கி இருப்பது பின் ஆக்சிலுக்கும் பின்னால். இங்கே கிடைக்கும் டபுள் கேப் பிக்கப்புகளின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 3.1 மீட்டரை ஒட்டி வரும். கொக்கி ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்தால், மூக்கின் 90 கிலோ பின் ஆக்சிலில் 125 கிலோவாக இறங்கும். மீதி 35 எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து. அந்த அளவுக்கு அது லேசாகிவிட்டது.

பைக்கும் இதையே செய்யும். பின்பாடி நீளம் ஒன்றரை மீட்டர், எக்ஸ்பல்ஸின் நீளம் 2.2 மீட்டர். பின் கதவைத் திறந்துதான் ஏற்ற முடியும். பைக்கின் எடை மையம் ஆக்சிலுக்குப் பின்னால் அரை மீட்டர் பக்கம் போய் நிற்கும், அதிலும் முன் சக்கரத்திலிருந்து ஒரு 40, 50 கிலோ குறையும். ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி சுழலும், எதிரே வருபவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் நேராக அடிக்கும். "வண்டி ரொம்ப ஸ்மூத்தா இருக்கு" என்று அப்போது தோன்றும். மழை ரோட்டில் பிரேக் போடும்போதுதான் அது என்ன ஸ்மூத் என்று புரியும்.

20 ஜூலை, இரவு

"பின்னால் ரெண்டு பட்டை ஏத்திட்டா போச்சு."

இந்தப் பதில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஏற்றினால் பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும். ஆக்சில், பேரிங், டயர், சேஸிஸ் எல்லாம் பழையதுதான். முன் சக்கரத்துக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆர்சி எண்ணும் மாறாது. ஆஸ்திரேலியாவில் பின்பக்கத்தை நிமிர்த்த சஸ்பென்ஷனில் ஏர் பேக் போட்டு, கேரவனும் மாட்டி, கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்து நின்ற டபுள் கேப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

22 ஜூலை

எடை போடுவது எப்படி என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரி எடை மேடைகள் நிறைய. காலையில் போனால் கூட்டம் குறைவு. எல்லாவற்றையும் ஏற்றி, டேங்க் நிரப்பி, நீங்கள் உள்ளே உட்கார்ந்தபடி போடுங்கள். முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில். அடுத்து முழுப் பிக்கப். மூன்றாவதாகக் கேரவனை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படி. மூன்றாவதில் ரெண்டாவதைக் கழித்தால் மூக்கின் எடை.

ஆனால் லாரி மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும். 90 கிலோவை அளக்க அது கொஞ்சம் முரட்டுக் கருவி. மூக்குக்கு மட்டும் அரிசி மண்டியிலோ பழைய பேப்பர் கடையிலோ இருக்கும் மேடைத் தராசு நல்லது. தெரிந்த கடைக்காரர் என்றால் ஞாயிற்றுக்கிழமை தருவார். தராசின் மேல் மரக்கட்டை அடுக்கி, கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் மூக்கை வையுங்கள். தாழ்வாக வைத்து அளந்தால் எண் மாறும்.

விற்பவர் சொல்லும் 900ஐ நம்பவே நம்பாதீர்கள். தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அதைச் சேர்த்துச் சொன்னாரா, சேர்க்காமலா?

23 ஜூலை

"எக்ஸ்பல்ஸ் நம்பர் பிளேட் உள்ள வண்டிதானே, ஓட்டிக்கிட்டே போனா என்ன?"

இந்த இழையில் இதுவரை வந்ததில் அறிவான யோசனை இதுதான். ஒருவர் பைக்கில், ஒருவர் பிக்கப்பில். பைக் பாரம் பாதி குறையும். வேளச்சேரிக்காரர் பதில் சொல்லவில்லை. ஆம்பூரில் பிரியாணிக்கு யார் முதலில் போய்ச் சேர்வது என்று வீட்டில் சண்டை வரும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

பிக்கப்பில் ஏற்றியே ஆக வேண்டிய பைக் வேறு வகை. கவாசாகியின் கேஎல்எக்ஸ் 140, கேஎக்ஸ் மாதிரி ரோட்டில் பதிவே செய்ய முடியாதவை. என் அக்கா மகன் ஓட்டுவது அந்த ரகம்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பயிற்சிக்கு அவனையும் பைக்கையும் கொண்டுபோகத்தான் நானே பிக்கப் வாங்கினேன். அந்த பைக் 100 கிலோ பக்கம்தான் வரும். ரெண்டு ஏற்றினாலும் உங்கள் 588இலிருந்து 118 கிலோ பக்கம் குறையும்.

26 ஜூலை

கோயம்புத்தூர் சார் பிடித்துவிட்டார். ஜெர்மனியில் வேலை பார்த்தவர். அங்கே கேரவன் மூக்கில் பத்து சதவீதமெல்லாம் கிடையாது, 4 முதல் 7 வரைதான், பெரும்பாலான கார் கொக்கிகள் 75 முதல் 100 கிலோவுக்கு மேல் தாங்குவதாகவே எழுதியிருக்காது என்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் 10 முதல் 15 சொல்வார்கள். ரெண்டு நாட்டுக்காரர்களும் விபரம் தெரிந்தவர்கள்தான், ஓட்டும் விதம் வேறு. ஜெர்மனியில் கேரவன் இழுக்கும் கார் 80ஐத் தாண்டக் கூடாது, தனி அனுமதி வாங்கினால் நெடுஞ்சாலையில் 100. கனமான சாமானை ஆக்சிலுக்கு மேலேயே அடுக்கும் பழக்கமும் உண்டு. அமெரிக்கக் கேரவன் பெரிது, வேகமும் அதிகம், மூக்கில் பாரம் வைத்துத்தான் அடக்குகிறார்கள்.

நம் ஊரில் 60, 70க்கு மேல் போகப் போவதில்லை. யோசித்துப் பார்த்தால் 7 முதல் 10 சதவீதம் சரி என்று படுகிறது. 900 கிலோவுக்கு 63 முதல் 90. வேளச்சேரிக்காரருக்கு இதில் அதிகபட்சம் 27 கிலோ லாபம். சந்தோஷப்பட வேண்டாம், இன்னும் 111 கிலோ பாக்கி.

27 ஜூலை

மூக்கை இன்னும் குறைத்தால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தாயிற்று.

நண்பரின் கேரவனை ஒருமுறை ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு இழுத்துப் போனேன். அவருடைய வண்டி சர்வீஸில் இருந்தது. அந்தக் கேரவனில் தண்ணீர் டேங்க் பின்பக்கம். புறப்படும்போது அவர் வாய்வரை நிரப்பியிருந்தார், அதற்கும் பின்னால் ஏணியில் ரெண்டு சைக்கிள். மரக்காணம் உப்பளம் வரை ஒன்றும் தெரியவில்லை. அங்கே இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மேற்கிலிருந்து அப்படி ஒரு காற்று. அதோடு ஒரு ஆம்னி பஸ் முந்தியது. பெரிய வண்டி முந்தும்போது முதலில் கேரவனின் பின்பக்கத்தைத் தள்ளும், அப்புறம் தன் பக்கம் இழுக்கும். கேரவன் இடதும் வலதும் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிது. பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஆட்டியது.

அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்கச் சொல்லும் கால். மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது, உங்கள் வெட்டு ஒரு நொடி தாமதமாகப் போய் அடுத்த ஆட்டத்துக்குத்தான் சக்தி கொடுக்கும். ஆக்சிலேட்டரை விடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், தானாக வேகம் இறங்கட்டும். 50க்குக் கீழே வந்ததும் அடங்கியது. ஓரங்கட்டி டேங்கை உப்பளத்து ஓரத்தில் திறந்துவிட்டோம், சைக்கிளைக் கேரவன் உள்ளே ஆக்சில் மேல் படுக்க வைத்தோம். மீதி தூரம் அதே காற்றில் ஒழுங்காக வந்தது. நண்பர் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் புதுச்சேரி வரை புலம்பினார்.

அதனால் பைக்கைக் கேரவனின் பின் பம்பரில் ஸ்டாண்டு வெல்டிங் பண்ணி மாட்டலாம் என்று எழுதிய அம்பத்தூர் தம்பிக்கு: வேண்டாம்ப்பா. அந்த 159 கிலோ மூக்கைத் தூக்கிவிடும்.

27 ஜூலை, கொஞ்சம் கழித்து

டாய் ஹாலரில் மட்டும் பைக் பின்னால்தானே நிற்கிறது என்று தம்பி மடக்குகிறார். நியாயமான கேள்வி. அதில் ஆக்சிலை அதற்கேற்பப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பைக் இல்லாமல் இழுத்தால் மூக்கு ரொம்பக் கனமாக இருக்கும், ஏற்றினால் குறையும். ரெண்டு நிலைக்கும் எடை போட்டுப் பார்த்து வாங்குவது அங்கே வழக்கம். பட்டறையில் ஒட்டும் ஸ்டாண்டுக்கு அந்தக் கணக்கை யார் போடுவார்கள்?

29 ஜூலை

பிரேக். இதை யாருமே கேட்கவில்லை.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அங்கே வழக்கம் ஓவர்ரன் பிரேக். முன் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே ஒரு தண்டை அமுக்கி டிரெய்லரின் டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். கரண்ட் வேண்டாம், கன்ட்ரோலர் வேண்டாம். அமெரிக்காவில் மின்சார பிரேக், ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர். அதில் ஒரு நல்ல வசதி, ஆட்டம் வந்தால் கேரவன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கலாம், கேரவன் பின்னோக்கி இழுபட்டு நேராகிவிடும்.

நம் ஊர்ப் பட்டறைக் கேரவன்கள் பலவற்றில் ரெண்டும் கிடையாது. விற்பவரிடம் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிரம் இருக்கிறதா, அதற்குக் கேபிள் வருகிறதா, கேபிள் எதோடாவது இணைந்திருக்கிறதா. மூன்றாவது கேள்வி முக்கியம்.

30 ஜூலை

கொக்கி உருண்டை லேத்தில் கடைந்து வாங்கலாமா என்று கேள்வி. அளவை முதலில் பாருங்கள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு 2 அங்குலம், அதாவது 50.8. ஐரோப்பியக் கேரவன் மூக்கின் கப்பில் அமெரிக்க உருண்டை முழுதாக உட்காராது, பூட்டியது போல மட்டும் தெரியும். எந்த இரும்பு, என்ன பதம் என்று சொல்லத் தெரியாத இடத்தில் கடைய வேண்டாம். எவ்வளவு எடைக்கு என்று மேலேயே பொறித்த உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

2 ஆகஸ்ட்

வேளச்சேரிக்காரர் கேரவன் வாங்கிவிட்டார். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. பிரேக் இருக்கிறதாம், நல்லது. எடை மேடையில் 940.

பின் கதவு திறந்தே இருக்கப் போவதால் ஒரு சோதனை. கொக்கி உருண்டையில் ஒரு கயிறு கட்டுங்கள். அதைத் திறந்த கதவின் மூலை வரை பிடியுங்கள், பைக்கின் பின் சக்கரம் அதையும் தாண்டி நீட்டினால் அதுவரை. எது தூரமோ அந்த நீளத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றைக் கேரவனின் முன்சுவர் பக்கம் நேராக நீட்டுங்கள். முடிச்சு சுவரைத் தொடாமல் தாராளமாக நின்றால் எந்தத் திருப்பத்திலும் இடிக்காது. தொட்டால் நெடுஞ்சாலையில் முதல் யூ டர்னிலேயே கேரவனின் முகத்தில் கதவு பதியும்.

மூக்கின் கீழே இருக்கும் ஜாக்கியின் கைப்பிடியையும் பாருங்கள். சமதரையில் கதவுக்கு அடியில் இடம் இருக்கும். வெள்ளைக் கோடு போடாத ஸ்பீடு பிரேக்கரில் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கும்போது கைப்பிடி கதவைக் குத்தும். கைப்பிடியைக் கழற்றி உள்ளே போட்டுவிடலாம்.

3 ஆகஸ்ட்

பைக் கட்டுவது. முன் சக்கரம் பின்பாடியின் முன்சுவரில் முட்ட வேண்டும். ராட்செட் பெல்ட் ரெண்டு, ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியிலிருந்து முன்னும் பக்கவாட்டும் சாய்வாக இறங்கணும். ஷாக்ஸ் பாதி அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கி ஏலகிரி வரை கொண்டுபோனால் ஆயில் சீல் வாயைத் திறக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வைத்தால் அளவுக்கு மேல் அமுங்காது. பின்பக்கம் இன்னொரு பெல்ட், பைக் துள்ளாமல் இருக்க. பெல்ட் கொக்கி நேராக ஹேண்டில்பாரில் படாமல் ஒரு துணிவளையம். கார்பரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை மூடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஒரு டீ, ஒரு இறுக்கு. பெல்ட் எப்போதும் முதல் அரை மணி நேரத்தில்தான் தளரும்.

6 ஆகஸ்ட்

ஏலகிரி மேலே கேரவனோடு போக வேண்டாம் என்பது என் கருத்து. 14 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது பிரச்சினை இல்லை, எதிரே பஸ் வந்தால் கேரவனோடு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். சமதரையில், யாரும் பார்க்காத இடத்திலேயே அது பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஸ்டீயரிங்கின் அடியைப் பிடித்துக்கொண்டு, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள் என்று சொல்வார்கள். சொல்வது சுலபம். அடிவாரத்தில் பொன்னேரிப் பக்கம் தெரிந்த தோட்டம் இருந்தால் கேரவனை அங்கே நிறுத்துங்கள். பைக்கில் மலை ஏறுங்கள். டர்ட் பைக் வாங்கியது எதற்கு?

இறங்கும்போது டிரெய்லர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கியரைக் குறைத்து எஞ்சினில் பிடியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள்.

9 ஆகஸ்ட்

"இதுக்கெல்லாம் ரெஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல சார்" என்று விற்றவர் சொன்னாராம். இதை வாங்கும் முன்னால் கேட்டிருக்கலாமே சார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. எஞ்சின் இல்லை என்பது பதில் ஆகாது. பதிவு இல்லாமல் பொது ரோட்டில் இறக்க முடியாது. விற்றவரையே கூட்டிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போங்கள், என்ன காகிதம் வேண்டும் என்று அவர் வாயால் கேட்கட்டும்.

அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. 100 கிலோவுக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் நிறுத்துவார்.

10 ஆகஸ்ட்

அப்பா கேரவனுக்குள் படுத்துக்கொண்டே வரலாமா என்று ஒருவர். கூடாது. ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அப்பா கோபித்துக்கொண்டால் முன் சீட் கொடுங்கள், பின் சீட்டில் நீங்கள் உட்காருங்கள், மனைவி ஓட்டட்டும்.

18 ஆகஸ்ட்

வேளச்சேரிக்காரர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். பதிவு முடியவில்லை, கேரவன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ரெண்டு எக்ஸ்பல்ஸையும் வாடகைக் குட்டியானையில் வாணியம்பாடி வரை அனுப்பிவிட்டு, பிக்கப்பில் ஆளும் டென்ட்டும் மட்டும் போயிருக்கிறார்கள். இந்த இழையில் போட்ட எல்லாக் கணக்கையும் குட்டியானைக்காரர் ஒரே வாடகையில் முடித்துவிட்டார். வாடகை எவ்வளவு என்று மட்டும் போடுங்கள் சார், பலருக்கு உதவும்.

21 ஆகஸ்ட்

5 கிலோ கேஸ் சிலிண்டரைக் கேரவனில் வைப்பதா, பின்பாடியில் பைக்குக்குப் பக்கத்திலா என்ற கேள்விக்கு: பைக்குப் பக்கம் வேண்டாம், பெட்ரோல் ஆவி இருக்கும், பெல்ட் நழுவினால் பைக் அதன் மேல்தான் சாயும். கேரவனின் மூக்கில் வெளியே காற்றோட்டமான பெட்டி இருந்தால் அதில், நிமிர்த்தி, கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு. 5 கிலோ என்பது உள்ளே இருக்கும் கேஸ் மட்டும், காலி சிலிண்டரின் இரும்பும் கிட்டத்தட்ட அதே எடை வரும், மூக்குக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.